ஒட்டியது எது? கிரபீன் உணரியும் ஒரு 'பொசிட்டிவ்' அறிக்கையும்

கொவிட் வைரஸைக் கண்டறியும் சிறியதொரு கிரபீன் உணரியைப் பற்றித் தென்கொரிய விஞ்ஞானிகள் 2020 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதே மாதத்தில்தான் கொவிட்டினால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி நம் நாட்டில் வெளியானது. 2021 பெப்ரவரியில் அது மாற்றப்படும் வரை, ஒரு ஜனாஸா மண்ணுக்குப் போவதா நெருப்புக்குப் போவதா என்பதை ஒரு பரிசோதனை அறிக்கையே தீர்மானித்தது. அதனால் இந்த உணரி எவ்வளவு வேகமானது என்பதை விட, அது எங்கே ஏமாறக் கூடும் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

கிரபீன் என்பது காரீயத்தின் ஒரேயொரு படலம். போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டப்படும் அதே காரீயம்தான். 2004இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆன்ட்ரே கைமும் கொன்ஸ்டன்டின் நொவோசெலோவும் ஒட்டும் நாடாவால் அதை உரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. (தடுப்பூசிக்குள் கிரபீன் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய கதை வேறு. அது பொய்.)

இந்தப் படலம் ஓர் அணு அளவே தடிப்பானது. அதாவது அதன் எல்லாக் காபன் அணுக்களும் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. அதன் வழியே மின்னோட்டம் ஓடும்போது, மின்னேற்றமுள்ள ஒரு மூலக்கூறு மேலே வந்து ஒட்டினாலே ஓட்டம் மாறிவிடும். கொரியர்கள் அதன்மேல் வைரஸின் முள் புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளைப் பதித்தார்கள். ஆய்வுகூடக் கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்கு 1 ஃபெம்டோகிராம் புரதத்தையும் அது உணர்ந்தது. ஒரு கிராமின் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அது. ஆனால் மூக்கிலிருந்து எடுக்கும் மாதிரியை இட்டு வைக்கும் திரவத்தில் 100 ஃபெம்டோகிராம் தேவைப்பட்டது.

சிக்கல் இங்கேதான். கிரபீனுக்கு 'ஏதோ ஒட்டியது' என்பது மட்டுமே தெரியும், ஒட்டியது எது என்று தெரியாது. இரத்தத்திலும் சளியிலும் உள்ள வேறு புரதங்கள் வெற்றிடத்தில் வந்து படிந்தாலும் மின்னோட்டம் மாறும். உடல் திரவங்களில் உப்பும் அதிகம். அதன் அயன்கள் மூலக்கூறின் மின்னேற்றத்தைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. ஒரு நனோமீற்றருக்கு அப்பால் நடப்பது கிரபீனுக்குச் சரியாகத் தெரியாது. பிறபொருளெதிரியோ பத்து நனோமீற்றர் அளவானது. ஆக, பொய்யாக 'ஆம்' சொல்லவும் வழியுண்டு, உண்மையைத் தவறவிடவும் வழியுண்டு.

இதற்கு வழிகள் இல்லாமலில்லை. மாதிரியை ஐதாக்கி உப்பைக் குறைக்கலாம். பிறபொருளெதிரிக்குப் பதிலாக அதன் சிறு துண்டைப் பதிக்கலாம். வெற்றிடங்களை வேறொரு பொருளால் முன்கூட்டியே மூடலாம். எனக்கு மிகவும் பிடித்தது, பிறபொருளெதிரி இல்லாத இன்னொரு கிரபீன் துண்டைப் பக்கத்திலேயே வைப்பது. இரண்டும் ஒரேயளவு மாறினால், அங்கே ஒட்டியது குப்பை என்று அர்த்தம். கொரியர்களும் மேர்ஸ் வைரஸின் புரதத்தை இட்டுப் பார்த்தார்கள். உணரி அசையவில்லை.

நாளை இப்படியொரு கருவி நம் வைத்தியசாலைகளுக்கு வந்தால், நோயில்லாத எத்தனை பேரின் மாதிரிகளில் அதைச் சோதித்தார்கள், அவற்றில் எத்தனைக்கு அது 'பொசிட்டிவ்' காட்டியது என்று நாம் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும்.