வாற்கூண்டின் காவலர்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உயரம் 192 அடி என்பர். அதனைத் தொண்ணூறு மடங்கு உயர்த்தினால் எவ்வுயரமோ, ஏறத்தாழ அவ்வுயரத்தில், நள்ளிரவில், ஆகாய விமானத்தின் வாற்புறத்தே தனியே அமர்ந்து யுத்தஞ் செய்தோர் உளர். அன்னாரைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூராரும் இராஜபாளையத்தாரும் அறிய வேண்டுவது யாது எனின், கூறுவோம்.

இரண்டாம் உலக யுத்தத்திற்குச் சென்னை மாகாணத்தார் பொருளுதவி புரிந்தனர். அதன் நினைவாகப் பிரிட்டிஷ் விமானப்படையின் 35-ஆம் பிரிவு 'சென்னை மாகாணம்' என்னும் பெயரைத் தாங்கிற்று. இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்த நம் ஊர்களிரண்டும் அம்மாகாணத்தனவே. 1940 நவம்பரில் 'ஹாலிபாக்ஸ்' என்னும் நான்கு இயந்திரக் குண்டு விமானத்தை முதன்முதற் பெற்றது இப்பிரிவே.

அவ்விமானத்திற் செல்வோர் எழுவர். அவருள் வாற்கூண்டிலிருப்பவர் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளுக்கு உரியவர். ஏனையோர் செல்லுந் திசையை நோக்குவர். இவரோ கடந்து வந்த இருளையே நோக்குவார். குளிரோ நீர் உறையும் நிலைக்குப் பல பாகை கீழே. மின்சாரத்தாற் சூடேற்றிய உடையே துணை. பாராசூட்டுக்குக் கூண்டில் இடமில்லை. அது வெளியே மாட்டப்பட்டிருக்கும். எனினும் சுடுதல் அவரது முதற்கடமை அன்று. பகை விமானத்தை முன்னரே கண்டு விமானிக்கு உரைத்தலும், அவர் உடனே விமானத்தைச் சுழற்றித் தப்பச் செய்தலுமே தலையாய பணி. எசேக்கியேல் தீர்க்கன் கூறும் காவலாளனை இவர் நமக்கு நினைவூட்டுகின்றார்.

1942 ஏப்ரல் 27-ஆம் நாள் இரவு, நார்வேயில் நின்ற 'டிர்பிட்ஸ்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தாக்கச் சென்ற இப்பிரிவின் விமானமொன்று, தீப்பற்றி உறைந்த ஏரியின்மீது இறங்கிற்று. அதிலிருந்த அறுவரும் உயிர் பிழைத்தனர். கணுக்கால் முறிந்த ஒருவர் சிறைப்பட, ஏனையோர் நடந்தே சுவீடனை அடைந்தனர். ஏரியில் மூழ்கிய அவ்விமானம் 1973-இல் எடுக்கப்பெற்று, இலண்டன் விமானப்படைக் காட்சிச்சாலையில் இன்றும் உள்ளது.

யாவரும் அங்ஙனம் பிழைத்திலர். குண்டு விமானப் படையிற் பறந்த சுமார் 1,25,000 பேருள் 55,573 பேர் மாண்டனர். அவர்தம் குண்டுகளால் மாண்டோரையும் நாம் மறத்தல் ஆகாது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் மட்டும் பல்லாயிரவர், பெண்டிரும் குழவியரும் உட்பட, தீக்கிரையாயினர்.

காவலரின் துணிவை வியக்கின்றோம். காத்த சுமையை எண்ணி நடுங்குகின்றோம். நம் மாகாணப் பெயர் அவ்விமானங்களோடு சென்றது. ஆதலின் வியப்பில் நமக்குப் பங்குண்டேல், துயரிலும் பங்குண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்தலே நேர்மையாகும்.