கற்பிட்டி மணலில் மனிதச் சிறுநீர்ப் பசளை: அளவும் எல்லையும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், சிறப்பாகக் கற்பிட்டிக் குடாநாட்டில், மரக்கறிச் செய்கை மணலிலேயே நடைபெறுகின்றது. மிளகாய், வெங்காயம், பீற்றூட் முதலியன இங்கு விளைதற்குக் காரணம் மண்ணின் வளமன்று. மணலுக்குக் கீழே உவர்நீரின்மேல் மிதந்துநிற்கும் நன்னீர்ப் படையும், இடையறாது இடப்படும் பசளையுமே. இம்மணல் நீரையும் பசளையையும் பிடித்துவைக்கும் ஆற்றல் மிகக் குறைந்தது. யூரியாவாக இடப்படும் நைதரசனிற் பயிர் கொள்ளாத பகுதி நைத்திரேற்றாக மாறி, இறைத்த நீருடன் மீண்டும் கிணற்றையே அடைகின்றது. செறிவாகப் பயிரிடப்படும் நிலங்களின் கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை நைத்திரேற்று கடந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் அருந்தும் சிசுக்களை முன்னிட்டு வகுக்கப்பட்ட எல்லை இது. மிகை நைத்திரேற்று அவர்தம் குருதி ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைத்துவிடும்.

மனிதச் சிறுநீரை வீட்டுத் தோட்டத்திற்குப் பசளையாகக் கொள்ளலாமா என்னும் வினாவை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். அது இம்மண்ணுக்குப் புதிதாகக் கொண்டுவரப்படும் பொருளன்று. குழி மலசலகூடத்தின் வழியாக அது ஏற்கெனவே மணலுள் இறங்கிக்கொண்டிருக்கின்றது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்து நெருங்கி வாழ நேர்ந்தபின், குழியும் கிணறும் அயலயலே அமைவதைத் தவிர்த்தல் மேலும் கடினமாயிற்று.

இழக்கப்படும் அளவு சிறிதன்று. இந்திய உணவுமுறையை வைத்துச் செய்யப்பட்ட கணிப்பின்படி ஒருவரது சிறுநீரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2.3 கிலோகிராம் நைதரசன் உண்டு. யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்காதலின் இது 5 கிலோகிராம் யூரியாவுக்கு ஒப்பாகும். நமது உணவும் அதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. எனவே ஐவர் கொண்ட குடும்பமொன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ அரை அந்தர் யூரியாவைக் குழியில் விடுகின்றது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும்வரை பசளைக்காக அலைந்தவர்களுக்கு இக்கணக்கை விளக்கவேண்டியதில்லை.

முறை எளிது. மலம் கலவாது பிரித்தெடுத்த சிறுநீரை மூடிய கலனில் வைத்தால் அதிலுள்ள யூரியா அமோனியாவாக மாறிக் காரத்தன்மை மிகும்; நோய்க்கிருமிகள் அதனால் அழியும். (கலனைத் திறந்துவைத்தால் எழும் நாற்றம், காற்றோடு போகும் பசளையேயாம்.) உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டிகள், எப்பயிருக்கும் இடத்தக்கதாவதற்கு 20 பாகை செல்சியசில் ஆறு மாதச் சேமிப்பைக் கூறுகின்றன, ஒரு குடும்பம் தன் தோட்டத்துக்கே இடுமாயின் சேமிப்பு வேண்டியதில்லை, இட்டபின் அறுவடைக்கு ஒரு மாதம் விடுதல் போதும். பயிரொன்றுக்குச் சதுர மீற்றருக்கு ஒன்றரை லீற்றர் அமையும். நீரால் கழுவும் வழக்கமுள்ள நம்மிடையே சேரும் திரவம் ஐதானதாதலின் அளவு சற்றுக் கூடலாம். கற்பிட்டியில் முதன்மையானது தவணையே. முழு அளவையும் ஒரே நாளில் ஊற்றினால் அதுவும் யூரியாவைப் போலவே கிணற்றுக்குச் சென்றுவிடும். ஐந்தாறு தவணைகளாகப் பிரித்து, நீர் கலந்து, தண்டிற் படாது சாலில் விட்டு மண்ணால் மூடுதல் வேண்டும். மாரி மழையின்போது இடலாகாது. சிறுநீரில் உப்பும் உண்டு. உவர் ஏறிய கிணற்றுநீர் பாயும் பாத்தியில் பீற்றூட் ஓரளவு தாங்கும், போஞ்சி தாங்காது. யாவற்றுக்கும் மேலாக, வழமையான யூரியாவைக் குறைக்காமல் இதனை மேலதிகமாக இடுவோர் கிணற்றுக்குத் தீங்கே செய்வர்.

எஞ்சுவது சமூகத் தடை. சிறுநீர் நஜீஸ் ஆதலின் அது பட்ட உடையுடன் தொழுதல் ஆகாது. கலனைக் கையாள்வோருக்குத் தனி உடையும் கழுவ நீரும் வேண்டும் என்பதை எத்திட்டமும் கருத்திற் கொள்ளவேண்டும். மற்றையது சாதி பற்றியது. பிரித்தானியர் ஆட்சியில் நகரங்களின் மலவாளியைச் சுமக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட மக்கள் கொண்டுவரப்பட்டனர். தமிழ்நாட்டு முசிறியில் நடந்ததுபோலப் பொது மலசலகூடங்களிற் சிறுநீரைச் சேகரிக்கும் திட்டம் இங்கு வருமாயின், கலனைச் சுமப்பவர் யார், அவருக்குக் கூலி யாது என்பன முதலிற் கேட்கப்படவேண்டும். தன் குடும்பத்தின் கலனைத் தானே தூக்கும் வீட்டுத் தோட்டத்தில் இவ்வினா எழாது. ஆனால், அக்கலன் நாள்தோறும் பெண்ணின் கையிலேயே விடப்படுமாயின் அங்கும் அது எழும்.