சர்க்கரையின் முன்வினைப் பயன்

சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லும் அன்று பெரும்பாலோருக்கு எங்கும் வலிப்பதில்லை. பரிசோதனைச் சீட்டில் ஓர் எண் மட்டும் கூடியிருக்கும். "கொஞ்சம்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று சீட்டு அலமாரிக்குள் போய்விடும். இந்த ஒத்திப்போடலுக்கு இதயம் என்ன விலை கொடுக்கிறது? பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய ஓர் ஆய்வு அதை 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்குப் பார்த்திருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் டாக்டர் ராபர்ட் டர்னர் தலைமையில், புதிதாக டைப் 2 நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளே இதயத்துக்குக் கேடோ என்று டாக்டர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சாராருக்கு உணவுக் கட்டுப்பாடுதான். வெறும் வயிற்றில் சர்க்கரை 270 மில்லிகிராமைத் தாண்டினாலோ, தொல்லைகள் தெரிந்தாலோதான் மருந்து. இன்று கேட்டால் திகைப்பாக இருக்கும். அன்று அதுதான் வழக்கம். மறு சாராருக்கு மாத்திரையோ இன்சுலினோ கொடுத்து 108-க்குக் கீழே இறக்க முயன்றார்கள்.

1998-ல் பார்சிலோனாவில் முடிவு வெளியானது. கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் பாதிப்பு 25 சதவீதம் குறைவு. மாரடைப்பு 16 சதவீதம் குறைந்திருந்தாலும் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் மயிரிழையில் கைவிரித்தது. டர்னர் அடுத்த ஆண்டே காலமானார். கதையின் முக்கியமான பகுதியை அவர் பார்க்கவில்லை.

ஆய்வு முடிந்ததும் எல்லோரும் வழக்கமான சிகிச்சைக்குத் திரும்பினார்கள். ஓராண்டுக்குள் இரு சாராரின் சர்க்கரையும் ஒரே அளவுக்கு வந்துவிட்டது. வித்தியாசம் போனால் பலனும் போகும் என்றுதானே தோன்றும்? சக ஆய்வாளர் ரூரி ஹோல்மனின் குழு 2008-ல் வெளியிட்ட கணக்கு நேர்மாறாக இருந்தது. ஆரம்பத்திலேயே கடிவாளம் போடப்பட்டவர்களிடம் மாரடைப்பு 15 சதவீதம் குறைவு. இம்முறை புள்ளியியலுக்கும் சந்தேகமில்லை. உடல் பருமன் உள்ளவர்களில் மெட்ஃபார்மினில் தொடங்கியவர்களுக்கு 33 சதவீதம். 2024-ல் வெளியான கணக்கிலும் பலன் கரைந்துவிடவில்லை.

இதை 'லெகசி எஃபெக்ட்' என்கிறார்கள். 'மரபு விளைவு' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். பரம்பரை வியாதி என்று அர்த்தமாகிவிடும். முன்வினைப் பயன் என்பதே பொருத்தம். ரத்தக் குழாய்ச் சுவரின் புரதங்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது, அந்தப் புரதங்கள் ஆண்டுக்கணக்கில் மாறுவதில்லை என்பது ஒரு விளக்கம்.

சரி, தாமதமாக விழித்துக்கொண்டு முரட்டுத்தனமாக இறக்கினால்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 'அக்கார்ட்' ஆய்வு அதைத்தான் செய்து பார்த்தது. 10,251 பேர், சராசரி வயது 62, நோய் வந்து சுமார் 10 ஆண்டுகள், இதய நோயோ அதற்கான அபாயமோ ஏற்கெனவே உண்டு. மூன்று மாத சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவை பாதிப் பேரிடம் 6-க்குக் கீழே தள்ளப் பார்த்தார்கள். அவர்களில் 257 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 203. 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சை நிறுத்தப்பட்டது. காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

தாமதமானவர்களுக்கு வழியே இல்லை என்பதல்ல. ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தினால் இதயத்துக்கு எந்த வயதிலும் லாபம். எம்பாக்ளிஃபுளோசின் போன்ற மருந்துகள் இதய நோயாளிகளின் ஆயுளைக் கூட்டுவதும் 2015-ல் தெரியவந்தது. ஆனால் அந்த முதல் சில ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. அந்த ஆய்வுக்காக வீடு தேடி வந்து ரத்தம் எடுத்தபோதுதான் பலருக்குத் தங்கள் நோயே தெரிந்தது.