நொண்டி நாடகத்தின் கள்ளத் தலைவன்

பெருங்காப்பியத்துக்குரிய தலைவன் தனக்கு ஒப்பாரில்லாதவனாய் இருத்தல் வேண்டும் எனத் தண்டியலங்காரம் விதி செய்தது. அவ்விதி வழங்கிய மொழியிலேயே, கள்ளனும் காமுகனும் கால் இழந்தவனுமாகிய ஒருவனைத் தலைவனாகக் கொண்ட இலக்கிய வகையொன்று தோன்றி மக்களிடையே செல்வாக்குற்றது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்த நொண்டி நாடகமே அது. குற்றமுடையான் ஒருவன் கேட்போர் உள்ளத்தைக் கவர்வது எங்ஙனம் என ஆராய்வார்க்கு அது தக்கதொரு சான்றாகும்.

இந்நாடகங்களின் கதை பெரும்பாலும் ஒரே போக்கினது. இளமையில் நெறி தவறிய ஒருவன் தாசியொருத்தியின் மையலில் வீழ்ந்து கைப்பொருளை இழக்கிறான். பின்னும் அவளுக்குப் பொருள் தேடக் களவை மேற்கொள்கிறான். ஈற்றில் குதிரை திருடப் புகுந்து அகப்பட்டு உறுப்பிழக்கிறான். அதன்பின் இறையருளை நாடி, இழந்ததை மீளப் பெறுகிறான். திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அவனுக்கு அருள்பவன் முருகன். சீதக்காதி நொண்டி நாடகத்தில் அவன் வள்ளல் சீதக்காதியின் ஆதரவைப் பெற்று மக்காவுக்குச் சென்று நலமடைகிறான். கிறித்தவரும் இவ்வகையில் ஞான நொண்டி நாடகம் பாடினர். சமயம் வேறாயினும் கள்ளன் ஒருவனே.

இவன் விரும்பப்படுதற்குக் காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது, அவன் தன் கதையைத் தானே கூறுகின்றான். பிறர் ஒருவனைக் கள்ளன் என்று கூறுமிடத்துக் கேட்போர் நீதிபதியாகின்றனர். அவனே கூறுமிடத்துத் தோழராகிவிடுகின்றனர். இரண்டாவது, தண்டனை குற்றத்துக்கு முன்னரே கண்முன் நிற்கின்றது. அவன் அவைக்கு வரும்போதே நொண்டியாக வருகின்றான். நீதி முன்னமே நிறைவேறிவிட்டமையால், அவனது வேடங்களையும் தந்திரங்களையும் கேட்டு மகிழ்வதில் அவையோர்க்குக் கூச்சமில்லை. நொண்டிச் சிந்து என்னும் பெயர் பெற்ற துள்ளல் நடையும் அம்மகிழ்ச்சிக்குத் துணைபுரிந்தது. 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்திற் பாரதியார் அச்சிந்தைக் கையாண்டமை அதன் ஆற்றலைக் காட்டும். மூன்றாவது, பிறரை ஏமாற்றியவன் தானும் ஏமாற்றப்படுகின்றான். ஒப்பற்ற தலைவனை மக்கள் வணங்குவர். இடறி விழுந்தவனிடத்திலோ தம்மையே காண்பர்.

எனினும் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தன் கதையைத் தானே கூறுவோன் தன் பழியைப் பிறர்மேல் ஏற்றுதல் இயல்பு. தாசியின் மாயமே தன்னைக் கெடுத்தது என நொண்டி கூறுகின்றான். அவள் தரப்பை உரைக்க அவளுக்கு வாய்ப்பில்லை. பொருளைப் பறிகொடுத்தோர்க்கும் இல்லை. இறுதியில் வரும் பக்தி, களவின் சுவையை மூடும் மெல்லிய போர்வையாகவும் அமைந்துவிடலாம். கால் மீளப்பெற்றான் என்பதை மறந்து, குதிரையைக் கவரச் சென்ற திறத்தை மட்டும் நினைவிற் கொள்வாரும் உளர்.

இவ்வியல்பு நொண்டியோடு ஒழிந்ததன்று. 1987இல் மணிரத்தினம் இயக்கி வெளிவந்த நாயகன் திரைப்படத்தின் தலைவன் கடத்தற்காரன். மக்களுக்கு உதவுவோனும் அவனே. அவன் நல்லவனா என அவனுடைய பேரன் வினவுமிடத்து அவனால் விடை கூற இயலவில்லை. அவனால் கொல்லப்பட்டவனது மகன் கையாலேயே அவன் மடிகின்றான். அதாவது, குற்றத்தினால் துன்புற்றவன் கதையினின்று நீக்கப்படவில்லை. அப்படம் வலிமை பெறுதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

ஆதலால் குற்றமுடைத் தலைவரைப் போற்றும் கதைகளை மாணவரிடமிருந்து மறைத்தல் பயன் தராது. அவை என்றும் விரும்பப்படும். அவற்றை அறிவோடு நுகரும் முறையைக் கற்பித்தலே தக்கது. தலைவன் நல்லவனா தீயவனா என்ற வினாவோடு அம்முறை நின்றுவிடலாகாது. அவன் செய்த பிழையின் விலையைச் செலுத்தியவர் யார், அவர் குரல் கதையிற் கேட்கின்றதா என்பதே உடன் எழுப்பவேண்டிய வினா. அவ்வினாவைக் கைவிடாத மாணவன் கள்ளனின் கதையில் மனம் மகிழலாம்; அவன் கூறும் சாட்டுகளுக்கு மயங்கான்.