பழைய ஜீப் வண்டிகளில் குழந்தை இருக்கைக்கான பிணைப்பிடங்கள்

ஓடும் வண்டியில் அமர்ந்திருப்போர் யாவரும் அவ்வண்டியின் வேகத்தையே தாமும் பெற்றிருக்கின்றனர். வண்டி எதன் மீதேனும் மோதித் திடீரென நிற்குமாயின், வண்டி நின்றுவிடும், உள்ளிருப்போர் நில்லார். அவர்களைத் தடுத்து நிறுத்த மற்றொரு விசை வேண்டும். இருக்கைப் பட்டையின் பணி அதுவே. பெரியோருக்கென அமைந்த பட்டை சிறு குழந்தையின் உடலுக்குப் பொருந்தாது. கழுத்தின் மீதும் மென்மையான வயிற்றின் மீதும் அது படியும். ஆதலின் குழந்தைக்கெனத் தனி இருக்கை அமைத்து, அதனை வண்டியுடன் இறுகப் பிணைத்தல் வேண்டும். பிணைக்கப்படும் அந்த இடங்களே பிணைப்பிடங்கள் எனப்படுகின்றன. இருக்கை எவ்வளவு சிறந்ததாயினும், பிணைப்பிடம் வலுவற்றதாயின் பயனில்லை.

மும்பையும் ஜீப் வண்டியும்

இந்திய ஜீப்பின் வரலாறு மும்பையில் தொடங்குகிறது. மகிந்திரா நிறுவனம் 1949ஆம் ஆண்டில் மசகானில் வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களை இணைத்து வண்டிகளாக்கத் தொடங்கியது. அவ்வழியில் வந்த பல வகை வண்டிகள் பின்னர் நாடெங்கும் பரவின. மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளிலும், முறையாகப் பேணப்பெற்ற பழைய ஜீப்பை விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் எடுத்துச் செல்வோர் உளர். கிழக்கு நெடுஞ்சாலையும், 2013இல் திறக்கப்பட்ட கிழக்கு விரைவுச்சாலையும் செம்பூரை ஒட்டியே செல்கின்றன. இச்சாலைகளில் வண்டிகள் ஓடும் வேகம், வில்லிஸ் ஜீப்பை முதன்முதலில் அமைத்தோர் கருதிய வேகமன்று.

இவ்வண்டிகள் போர்க்களத்திற்கும் வயல்வெளிக்கும் ஏற்பவே அமைக்கப்பட்டவை. குழந்தையின் பாதுகாப்பு அன்று எண்ணப்படவில்லை. தோளையும் இடுப்பையும் ஒருங்கே தாங்கும் மும்முனைப் பட்டையே 1959இல்தான் ஸ்வீடனில் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் என்பவரால் அமைக்கப்பட்டது. குழந்தை இருக்கையை இரு உலோகக் கம்பிகளில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் முறைக்குப் பன்னாட்டுத் தரம் 1999இல் வெளிவந்தது. எனவே பழைய ஜீப்பில் இவற்றைப் பின்னரே பொருத்த வேண்டியதாகிறது.

விசையின் அளவு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 13.9 மீட்டர். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியளவு உயரத்திலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகமும் இதுவே. இவ்வேகத்தில் செல்லும் வண்டி, முன்பகுதி நசுங்கி அரை மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். வண்டியுடன் பிணைக்கப்பட்ட 15 கிலோகிராம் குழந்தையை நிறுத்த வேண்டிய சராசரி விசை, அதன் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு. அதாவது 300 கிலோகிராம் எடைக்கு நிகர். மடியில் வைத்திருக்கும் தாயின் கைகள் இதனைத் தாங்கா. பிணைக்கப்படாத குழந்தை முன்னே பாய்ந்து, கடினமான பலகையில் மோதிப் பத்து சென்டிமீட்டரில் நிற்குமாயின், விசை எடையைப் போல் நூறு மடங்காகிவிடும்.

ஜீப்பின் அடிச்சட்டம் ஏணி போன்ற கடினமான இரும்புச் சட்டமாதலால் அது எளிதில் நசுங்காது. வண்டி குறைந்த தொலைவிலேயே நின்றுவிடுவதால் உள்ளிருப்போர் மீது செயற்படும் விசை மிகுகிறது. வண்டி உறுதியாயின் உள்ளிருப்போரும் பாதுகாப்பாயிருப்பர் என்று பலர் கருதுவது பொருந்தாது.

குழந்தையின் எடையோடு இருக்கையின் எடையும் சேர வேண்டும். விசையின் உச்சம் சராசரியினும் மிகுதி என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆகவேதான் ஐசோஃபிக்ஸ் பிணைப்பிடங்களை முன்னோக்கி 8,000 நியூட்டன் விசையால் இழுத்துச் சோதிக்கின்றனர். மும்முனைப் பட்டையின் பிணைப்பிடங்களுக்கோ, கார்களில் மேற்பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் தனித்தனியே 13,500 நியூட்டன் விசை தரப்படுகிறது.

பொருத்தலாகாத இடங்கள்

பழைய ஜீப்புகள் பலவற்றில் பின்புறம் நீளவாக்கில் இரு பலகைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பக்கவாட்டில் நோக்கிய இவ்விருக்கைகளில் குழந்தை இருக்கையை ஒருபோதும் பொருத்தலாகாது. மோதலின்போது உடல் பக்கவாட்டில் வீசப்பட்டுக் கழுத்து முறிய ஏதுவாகும்; குழந்தை இருக்கைகள் அவ்வாறான மோதலுக்கென அமைக்கப்பட்டவையுமல்ல. எத்துணை வலிய பிணைப்பிடமும் இக்குறையைப் போக்காது.

அத்தகைய வண்டியில் முன் பயணி இருக்கைக்கு ஆலையிலேயே பொருத்தப்பட்ட மும்முனைப் பட்டை இருக்குமாயின், பட்டையால் இறுக்கும் வகையைச் சேர்ந்த குழந்தை இருக்கையை அங்கு வைப்பதே தகும். பழைய ஜீப்புகளில் காற்றுப்பை இல்லாமையால், பின்னோக்கிய கைக்குழந்தை இருக்கையையும் அங்கு வைக்கலாம். காற்றுப்பை உள்ள வண்டியில் அதனைச் செயலிழக்கச் செய்யாமல் அவ்வாறு வைத்தல் உயிருக்கே இடர் தரும். முன்னிருக்கையில் தக்க பட்டையும் இல்லாத ஜீப்பில் சிறு குழந்தையை அழைத்துச் செல்லாதிருத்தலே அறிவுடைமை.

பிணைப்பிடத்தின் அமைப்பு

பின்புறத்தில் முன்னோக்கிய இருக்கை அமைக்க விரும்புவோர் முதலில் வண்டியின் தரைத்தகட்டை ஆராய வேண்டும். மும்பையின் உப்புக் காற்றும் நான்கு மாத மழையும் இரும்பை அரிப்பவை. விரிப்பை அகற்றிச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென ஒலிக்கும். துருவேறிய தகட்டின் ஒலி மழுங்கியிருக்கும். திருப்புளியின் முனை உட்புகும் இடத்தில் எதையும் பிணைக்கலாகாது.

நல்ல தகடாயினும் அதுவே போதாது. பிணைப்பிடம் அடிச்சட்டத்துடனோ, அதனோடு உறுதியாக இணைந்த குறுக்குச் சட்டத்துடனோ சேர்ந்திருத்தல் வேண்டும். தகட்டின் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் உள்ளங்கையளவு பரப்பும் உள்ள எஃகுத் தகட்டை வைத்து, அதன் மூலைகளை மழுக்கி, அதனூடே போல்ட்டைச் செலுத்த வேண்டும். இருக்கைப் பட்டைக்கென விற்கப்படும் உயர்வலிமை போல்ட்டுகளையே பயன்படுத்துக. அவற்றைக் காய்ச்சுவதும் பற்றவைப்பதும் வலிமையைக் கெடுக்கும்.

மேற்பட்டைக்கான பிணைப்பிடம் தோளுக்கு மேலே அமைய வேண்டும். தோளுக்குக் கீழிருந்து வரும் பட்டை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். துணிக்கூரை ஜீப்பில் இதற்கேற்ற தூண் இராது. அடிச்சட்டத்துடன் இணைந்த தக்க வளைவுச் சட்டம் இன்றி மும்முனைப் பட்டையைப் பொருத்த முயலலாகாது.

ஐசோஃபிக்ஸ் கம்பிகள் 6 மில்லிமீட்டர் விட்டமுடையவை. அவற்றின் நடுப்புள்ளிகள் 280 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. கண்ணுக்கு எளிமையாகத் தோன்றும் இவற்றைத் தெருமுனைப் பட்டறையில் வளைத்துப் பற்றவைப்பது இயலும். அவை 8,000 நியூட்டனைத் தாங்குமா என்பதை அங்கு அறிதல் இயலாது. தாராவியின் தோல், தையல் பட்டறைகளில் இருக்கை மெத்தைகளைச் செம்மையாகத் தைத்துக் கொள்ளலாம். ஆனால் பட்டையை வெட்டித் தைப்பதோ, அறுந்ததை ஒட்டுப் போடுவதோ கூடாது. விபத்தில் ஒருமுறை இழுபட்ட பட்டையையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. மேலும், பழைய வில்லிஸ் அமைப்பில் எரிபொருள் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் கீழேயே உள்ளது. அதனருகே துளையிடுவதும் பற்றவைப்பதும் பேராபத்து.

வகுப்பறையில் ஒரு சோதனை

பின்தகட்டின் பயனை மாணவர்க்கு எளிதில் காட்டலாம். ஒரு தாளில் ஊசியால் துளையிட்டு, முடிச்சிட்ட நூலைக் கோத்து இழுத்தால் முடிச்சு தாளைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். மற்றொரு தாளில் முடிச்சுக்கும் தாளுக்கும் இடையே ஒரு சட்டைப் பொத்தானை வைத்து இழுத்தால், தாள் பன்மடங்கு விசையைத் தாங்கும். விசை பரந்த இடத்தில் பகிரப்படுவதே காரணம். ஜீப்பின் மெல்லிய தகட்டிலும் நிகழ்வது இதுவே.

சட்டமும் தணிக்கையும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைக் காப்பு அமைப்பாலோ பிணைக்காமல் வண்டியில் அழைத்துச் செல்வோருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கப்படும். அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. இருக்கைகளின் அமைப்பையோ எண்ணிக்கையையோ மாற்றுவதற்கு முன், செம்பூர்ப் பகுதியினர் வடாலா வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டறிதல் நலம். இந்தியாவில் குழந்தைக் காப்பு அமைப்புகளுக்கெனத் தனித் தரமும் வகுக்கப்பட்டுள்ளது. அத்தரத்தின் குறியுள்ள இருக்கையையே வாங்குக.

2020இல் வெளிவந்த புதிய தார் ஜீப், முன்னோக்கிய பின்னிருக்கைகளும் ஐசோஃபிக்ஸ் பிணைப்பிடங்களும் பெற்று, உலகளாவிய மோதல் சோதனையில் குழந்தைப் பாதுகாப்பில் 4 நட்சத்திரங்கள் பெற்றது. ஜீப்பின் வடிவம் குழந்தைப் பாதுகாப்புக்குத் தடையன்று என்பது இதனால் விளங்கும். அப்பிணைப்பிடங்கள் வண்டியின் சட்டத்தோடு ஒருங்கே திட்டமிடப்பெற்றுச் சோதிக்கப்பட்டவை. பின்னர்ப் பொருத்துவோர் அந்த அளவுக்கு நெருங்க இயலுமாயின் பொருத்தலாம். இயலாதெனின் பொருத்தாமல் விடுதலே நன்று. வலுவற்ற பிணைப்பிடம், ஒன்றுமில்லாமையினும் தீது. ஏனெனில் பாதுகாப்பு உண்டு என்ற நம்பிக்கையில் பெற்றோர் வேகத்தைக் கூட்டக்கூடும். களப்பணியாளரும் ஆசிரியரும் பெற்றோர்க்கு முதற்கண் எடுத்துரைக்க வேண்டிய செய்தி இதுவேயாகும்.