நாலு வீட்டு வேலை: அன்றும் இன்றும்

2020க்கு முன்பு, காலை ஆறரை மணிக்கு மதுரை கே.கே. நகர் ஆர்ச் பக்கம் நின்றால் பார்க்கலாம். வண்டியூர், மேலமடை, கருப்பாயூரணிப் பக்கமிருந்து டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் பெண்கள் வந்து இறங்குவார்கள். கையில் கட்டைப் பை, அதற்குள் மதியச் சோறு. என்ன வேலை என்று கேட்டால் "நாலு வீடு பார்க்கிறேன்" என்பார்கள். பத்துப் பாத்திரம் தேய்த்து, கூட்டித் துடைத்து, துணி அலசிக் காயப்போட்டு, வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அவர்கள் வந்த பிறகுதான் அந்த வீட்டுப் பெண் பேங்குக்கோ பள்ளிக்கோ கோர்ட்டுக்கோ கிளம்ப முடியும். ஒரு பெண்ணின் உத்தியோகத்துக்கு இன்னொரு பெண்ணின் கை முட்டுக்கொடுத்து நின்றது.

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு வந்து கேட்டுகள் சாத்தப்பட்டன. கொஞ்சம் தளர்ந்து மூச்சு விடுவதற்குள், ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதி வரை மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு. தொழிற்சாலைகளும் கடைகளும் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று மத்திய உள்துறை மார்ச் 29 அன்று போட்ட உத்தரவு, மே மாதத்திலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. இருந்த நாளிலும் அதில் வீடுகளைப் பற்றிப் பேச்சில்லை. கொடுக்க மனமிருந்த வீடுகள் கொடுத்தன. மற்ற வீடுகளில் "நிலைமை சரியானதும் சொல்லி அனுப்புறோம்" என்ற பதில்தான். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. தள்ளிப்போட்ட மாதங்களுக்கும் வட்டி உண்டு. குழுக்கடன் வாங்கியிருந்தவர்களுக்குச் சுமை கூடியதுதான் மிச்சம்.

எங்கள் தெருவில் வேலை பார்த்த அக்காவுக்கு நாலு வீட்டில் இரண்டுதான் திரும்பக் கிடைத்தது. ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மாவே வேலையை விட்டுவிட்டார், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு யாராவது பக்கத்தில் உட்கார வேண்டுமென்று. அந்த 'யாராவது' ஏன் அப்பாவாக இல்லை என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மேலே இருந்த வேலை போனதும் கீழே இருந்த வேலையும் சேர்ந்து போயிற்று. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2021 அறிக்கை பெண்கள் இப்படி வேலை இழந்ததை நாடு முழுக்கக் கணக்கிட்டுக் காட்டியது. ஊரடங்கில் வேலை இழந்து 2020 முடியும்வரை திரும்பாத ஆண்கள் 7 சதவீதம், பெண்கள் 47 சதவீதம்.

இன்று டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம் இவர்களுக்கு உண்மையான சம்பள உயர்வு என்றே சொல்வேன். மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ளவர்களின் கணக்கில் விழத் தொடங்கியது. மத்திய அரசின் கணக்கெடுப்பிலும் வேலையில் இருக்கும், வேலை தேடும் பெண்களின் பங்கு 2017–18இல் 23.3 சதவீதமாக இருந்தது, 2023–24இல் 41.7 ஆகியிருக்கிறது. ஆனால் கூடியதில் பெரும்பகுதி சுயதொழில், சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் கை கொடுப்பது. மாதச் சம்பள வேலை அந்த அளவுக்குக் கூடவில்லை. கையில் காசு நிற்காத வேலையை முன்னேற்றம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டு வேலைக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் 2007இலேயே வந்துவிட்டது. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய் என்று 2018இல் அறிவித்தார்கள். நான் பேசிய பெண்களில் ஒருவருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது, இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சம்பளம், லீவு, தீபாவளிச் சேலை எல்லாமே ஒவ்வொரு வாசலிலும் தனியாக நின்று பேசி வாங்க வேண்டியவை.

அந்த அக்கா போன வருஷம் மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கேட்டார். ஒரு வீட்டில் சரி என்றார்கள். மற்ற வீட்டில் அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டார்.