என் காருக்கு அடியில் பிளாட்டினம்!

என்னிடம் பிளாட்டினம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் வீட்டில் அதிகபட்ச உலோகம் எவர்சில்வர்தான்.

சொன்னவர் ஒரு கார் மெக்கானிக். செகண்ட் ஹாண்டில் வாங்கிய என் கார், ஸ்டார்ட் செய்தால் அடிவயிற்றிலிருந்து கல்யாண வீட்டில் பாத்திரம் உருட்டுகிற மாதிரி 'கடகட'வென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. மனுஷர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

''கேட்கான் போயிடுச்சு சார். கழட்டிட்டு நேர் பைப் போட்டுடலாம். பிக்கப் பிச்சுக்கும்! பழைய டப்பாவுக்கு நானே காசு தர்றேன்.''

''போன டப்பாவுக்கு எதுக்குப்பா காசு?''

''உள்ள பிளாட்டினம் இருக்குல்ல சார்!''

அவர் சொன்ன தொகை என் பாதி மாத வாடகை. மனசு சபலப்பட்டது. ''சனிக்கிழமை சொல்றேன்'' என்று நழுவிவிட்டேன்.

அன்று ராத்திரி பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் வந்தது. 'தான் மாறாமல், வினையின் வேகத்தை மட்டும் கூட்டுவது வினையூக்கி.' இரண்டு மார்க். இந்தக் கல்யாணத் தரகர் உத்தியோகத்துக்கு 'கேட்டலிசிஸ்' என்று 1835-ல் பெயர் வைத்தவர் ஸ்வீடன்காரர் பெர்சீலியஸ். அதற்கு முன்பே, 1823-ல், ஜெர்மனியில் டோபரைனர் என்ற பேராசிரியர் பிளாட்டினத் தூள்மீது ஹைட்ரஜனைப் பீச்சினார். தீப்பெட்டி இல்லாமலே குப்பென்று தீ! பிளாட்டினம் அப்படியே இருந்தது.

'தான் மாறாமல்' என்றவுடன், ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். தரகர் நன்றாகவே கலந்துகொள்கிறார். கடைசியில் கைகழுவிக்கொண்டு பழையபடி வெளியே வந்துவிடுகிறார், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு ஏன் பிளாட்டினம்? சோடியம் கூடாதா? கூடாது. சோடியத்துக்குக் கொடுக்கத் தெரிந்தது ஒரே ஒரு எலக்ட்ரான். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பக் கேட்காது. தனிம அட்டவணையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் இரும்பு, நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் வகையறா வேறு ஜாதி. இடைநிலை உலோகங்கள் என்று பெயர். இவற்றின் 'டி' ஆர்பிட்டால்கள் சுலபமாகக் கொடுக்கும், வாங்கும். மாசக் கடைசியில் ஆபீசில் கைமாற்று ஓடுகிற மாதிரி. லேபில் கையெல்லாம் ஊதாவாக்கிய பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஞாபகம் இருக்கிறதா? அதிலிருக்கும் மாங்கனீஸ் +2-லிருந்து +7 வரை பல அவதாரம் எடுக்கும்.

இப்போது என் காரின் டப்பாவுக்கு வருவோம். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான். அதன்மேல் அலுமினா பூச்சு. அதில் சில கிராம் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், கண்ணுக்குத் தெரியாத துகள்களாக ஒட்டியிருக்கும். எஞ்சினிலிருந்து அரைகுறையாக எரிந்த பெட்ரோலின் கார்பன் மோனாக்சைடு வருகிறது. பிளாட்டினம் அதைப் பிடித்துத் தன்மேல் உட்கார வைக்கிறது. பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து உட்கார்ந்தால், அதற்குள் தன் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் கட்டியிருந்த கட்டு தளர்ந்து, அறுந்துவிடுகிறது. அறுந்த ஆக்சிஜன் பக்கத்து சீட்டுக்காரரோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். சீட் காலி. அடுத்த ஆள் வரலாம். நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து, வெறும் நைட்ரஜனாக அனுப்புவது ரோடியத்தின் டிபார்ட்மெண்ட். இந்தக் கதையை அணு அணுவாகப் பார்த்துச் சொன்ன கெர்ஹார்ட் எர்ட்டிலுக்கு 2007-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ரகசியம் பிடியில் இருக்கிறது. ரொம்பத் தளர்வாகப் பிடித்தால் மூலக்கூறு நழுவிவிடும். ரொம்ப இறுக்கிப் பிடித்தால் எழுந்தே போகாது, சீட் அடைந்துவிடும். இதற்கு சபாட்டியே விதி என்று பெயர். நிக்கலை வைத்து எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றும் வித்தைக்கு (நம் வனஸ்பதி!) அடிப்படை போட்டு, 1912-ல் நோபல் வாங்கிய பிரெஞ்சுக்காரர் அவர்.

சீட்டைப் பிடித்தால் விடாத மகானுபாவர் ஒருவர் உண்டு. ஈயம். எஞ்சின் இடிக்காமல் ஓட, அந்தக் காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். யூஜின் ஹூட்ரி 1950-களிலேயே அமெரிக்காவில் கார் புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்கு வழி கண்டுபிடித்தும் அது கார்களுக்கு வராததற்கு இந்த ஈயம் முக்கியக் காரணம். பிளாட்டினத்தின்மேல் படிந்து, வேலையையே முடக்கிவிடும். அதனால்தான் நம் ஊரில் 1995 ஏப்ரல் 1-ல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களின் புதுக் கார்களுக்கு இந்த டப்பா கட்டாயம் என்று வந்தபோது, கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. 2000-ல் நாடு முழுக்க.

இதெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. டப்பா குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யாது! சுமார் 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் பிளாட்டினம் கண் திறக்கும். அதுவரை எஞ்சின் கக்குவது அத்தனையும் அப்படியே வெளியே.

நான் தினமும் காலையில் என்ன செய்கிறேன்? எங்கள் ஃப்ளாட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் வண்டியை ஸ்டார்ட் செய்து, 'சூடாகட்டும்' என்று விட்டுவிட்டு, மேலே போய் டிபன் பாக்ஸ் எடுத்து வருகிறேன். என் சைலன்சருக்கு நான்கடி பின்னால் வாட்ச்மேன் தாத்தாவின் பெஞ்ச். ராத்திரி முழுக்க விழித்தவர், அந்த நேரத்தில்தான் கொஞ்சம் கண் அசருவார். ''தலை ஒரே கனமா இருக்கு சார்'' என்று இரண்டு மூன்று தடவை மாத்திரை கேட்டிருக்கிறார். நானும் தாராளமாகக் கொடுத்திருக்கிறேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதும் ஓர் இடைநிலை உலோகம்தான். ஹீமோகுளோபினின் இரும்பு. அதை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் இந்த வாயு. மறுபடியும் அதே சீட் கதை. ஆனால் சீட் தாத்தாவுடையது.

அவர் தலைவலிக்குக் காரணம் என் புகையா, கெட்ட தூக்கமா, சொல்ல முடியாது. ஆனால் மாத்திரை கொடுத்த கையால்தான் சாவியையும் திருகியிருக்கிறேன். நல்ல டப்பா இருந்தே இந்த லட்சணம். அதையும் கழற்றி விற்றிருந்தால்?

சனிக்கிழமை வேறு ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த பையன் கீழே படுத்தான், இரண்டே நிமிஷத்தில் எழுந்தான். ''கேட்கான் நல்லா இருக்குண்ணே. அதுக்கு மேல இருக்கற ஹீட் ஷீல்டு தகடுதான் லூசு. கிளாம்ப் போட்டுட்டேன்.'' 150 ரூபாய். சத்தம் நின்றுவிட்டது.

முதல் மெக்கானிக் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் டிபன் பாக்ஸோடுதான் இறங்குகிறேன். ஸ்டார்ட் செய்த கையோடு கேட்டைத் தாண்டிவிடுகிறேன். இன்றைய எஞ்சின்களுக்கு நின்ற இடத்தில் சூடேற்றும் உபசாரம் தேவையும் இல்லை.

நேற்று கேட்டைத் திறந்துவிட்டுத் தாத்தா கேட்டார்: ''என்ன சார், இப்பல்லாம் வண்டியை எடுத்ததும் பறக்கறீங்க? ஆபீசுக்கு லேட்டா?''

''ஆமா தாத்தா... லேட்டுதான்'' என்றேன்.